குறுக்கி வளர்ப்பது குற்றமா?

போன்சாய் என்ற பேச்சை நம்மவரிடையே எடுத்தால் இரண்டு விதமான முகங்களைக் காணலாம். ஒன்றில் வியப்பு: இத்தனை சிறிய தொட்டியில் இத்தனை வயதான மரமா! மற்றொன்றில் வருத்தம்: வானளாவ வளர வேண்டியதை இப்படி முடக்கி வைத்திருக்கிறார்களே! பல வேளைகளில் இந்த இரண்டும் ஒரே முகத்தில் அடுத்தடுத்து வந்து போவதும் உண்டு. வாஸ்து பார்க்கும் அன்பர்கள், வீட்டில் போன்சாய் வைத்தால் குடும்பத்தின் வளர்ச்சி குன்றும் என்பார்கள். நம் மேடைப் பேச்சாளர்களுக்கும் கவிஞர்களுக்கும் அது கைவசம் உள்ள உவமை. பெண்களை, குழந்தைகளை, தாய்மொழியைப் போன்சாய் ஆக்கிவிட்டோம் என்று சொன்னால் போதும். அவையோருக்கு உடனே விளங்கிவிடும்.

இந்த வருத்தத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குள் நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. ஓர் உயிரை அதன் இயல்பான அளவுக்கு வளரவிடாமல், நம் விருப்பத்துக்கு ஏற்ப வெட்டியும் வளைத்தும் வைத்திருப்பது அறமாகுமா? அது வெறும் மரம்தானே என்று சொல்லித் தப்பிக்க நமக்கு இடமில்லை. முல்லைக் கொடிக்குத் தேரை விட்டு வந்த பாரியைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுகிறவர்கள் நாம். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு தலமரத்தை வைத்து, இறைவனை வலம் வரும்போது அதையும் வலம் வருகிறவர்கள் நாம். மதுரைக்குக் கடம்பு, சிதம்பரத்துக்குத் தில்லை, திருவானைக்காவுக்கு வெண்ணாவல் என்று மரத்தை வைத்தே தலத்தை அடையாளம் சொல்லும் மரபு நமது.

ஆனால் அதே மரபு வேறொன்றையும் நமக்குக் கற்பித்திருக்கிறது. முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பது நம் ஊர்ப் பழமொழி. அமெரிக்காவுக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆனாலும் இது நம் வாயிலிருந்து போகவில்லை. ஆகவே போன்சாயைப் பற்றிய கேள்வி உண்மையில் மரத்தோடு நின்றுவிடும் கேள்வி அல்ல. வளர்க்கிறவனுக்கு வளர்க்கப்படுவதன் மேல் எவ்வளவு உரிமை உண்டு என்பதே அது. பிள்ளை வளர்ப்போர் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

தோட்டத்தில் கண்டவை

வாதம் செய்வதற்கு முன் பொருளைப் பார்த்துவிடுவது நல்லது. சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில், மேரிலாந்தில் உள்ள நம் ஆலய அங்கத்தினர் ஒருவரின் வீட்டுக்கு நாங்கள் ஐந்தாறு பேர், ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் சிலரையும் அழைத்துக்கொண்டு சென்றோம். எங்களில் இருவர் ஏற்கெனவே ஆளுக்கு நாலைந்து தொட்டிகள் வைத்திருப்பவர்கள். மற்றவர்கள் முதன்முறையாகப் பார்ப்பவர்கள். வீட்டின் பின்புறம் மரப்பலகை அடித்த மேசைகளில் 43 மரங்கள் வரிசையாக இருந்தன. "எனக்குப் பிள்ளைகள் மூன்று, இவருக்கு நாற்பத்து மூன்று" என்று சொல்லிக்கொண்டே அவர் துணைவியார் சுண்டலும் காப்பியும் கொண்டு வந்து வைத்தார்.

முதலில் நீங்கியது ஒரு தவறான எண்ணம். போன்சாய் என்பது ஒரு மர இனத்தின் பெயர் அல்ல. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்றுதான் பொருள். தொட்டியில் இருப்பது சாதாரண மேப்பிள், சாதாரண எல்ம், சாதாரண பைன். நல்ல நிலையில் உள்ள மரத்தை எடுத்துத் தரையில் நட்டால் அது மீண்டும் தன் இனத்துக்குரிய உயரத்தை நோக்கி வளரத் தொடங்கிவிடும். கலையும் ஜப்பானில் பிறந்தது அல்ல. கி.பி. 706-இல் சீனாவில் டாங் வம்சத்து இளவரசர் ஒருவருக்கு எழுப்பிய கல்லறையின் சுவரோவியத்திலேயே, சிறு செடிகளும் கற்களும் வைத்த தட்டை ஏந்திவரும் பணியாளரைக் காணலாம். ஜப்பானியர் அதைப் பின்னர் கற்றுத் தமதாக்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது தவறான எண்ணம், மரத்தைப் பட்டினி போட்டுத்தான் குட்டையாக்குகிறார்கள் என்பது. பட்டினி போட்டால் மரம் குட்டையாவதில்லை, செத்துப்போகிறது. வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை நண்பர் முறை தவறாமல் உரமிடுகிறார். கோடையில் நாள்தோறும், கடும் வெயில் நாட்களில் இருவேளையும் நீர் விடுகிறார். மேப்பிள் போன்றவற்றை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, மொட்டு விரியும் முன், தொட்டியிலிருந்து எடுத்து வேரைச் சீவி, புது மண்ணில் நடுகிறார். தடித்த வேர் மரத்தைத் தாங்குவதற்கு. நீரையும் சத்தையும் உறிஞ்சுவது நூல் போன்ற மெல்லிய வேர்கள். தடித்ததைக் குறைத்தால் மெல்லியது பெருகும். ஆகவே வேரை வெட்டும் அந்தக் கொடிய காரியமே மரத்தைச் சிறு இடத்தில் உயிரோடு வைத்திருக்கிறது.

மூன்றாவதாகக் கண்டது எங்களை நெடுநேரம் நிற்க வைத்தது. முழங்கை உயரம்கூட இல்லாத ஒரு க்ராப் ஆப்பிள் மரம். இதன் பெரிய இனத்தை நம் ஊர்த் தெருவோரங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இங்கே இலை தெருமரத்தின் இலையைவிடச் சிறியது. ஆனால் காயோ அதே அளவு! போன்சாய்க் கலையில் இலையைச் சிறிதாக்கலாம், கிளையைச் சிறிதாக்கலாம். பூவையும் காயையும் சிறிதாக்க முடியாது என்று நண்பர் விளக்கினார். மரத்தைக் குறுக்கலாம், அதன் பலனைக் குறுக்க இயலாது. அதனாலேயே அவர் பெரும்பாலான பிஞ்சுகளைக் கிள்ளிவிட்டு ஆறே ஆறை விட்டு வைத்திருந்தார். சிறிய உடம்பு முழு அளவுக் காய்களை அதிகமாகச் சுமந்தால் அடுத்த ஆண்டு மரம் சோர்ந்து போகும் என்றார்.

எங்களோடு வந்திருந்த ஒன்பது வயதுச் சிறுமி, தாமிரக் கம்பி சுற்றியிருந்த ஜூனிபர் ஒன்றைக் காட்டி, "அங்கிள், இப்படிக் கட்டலாமான்னு அதைக் கேட்டீங்களா?" என்றாள். பெரியவர்கள் சிரித்தோம். நண்பர் சிரிக்கவில்லை. "கேட்டேன் அம்மா. அது பதில் சொல்ல ஒரு வருஷம் ஆகும். துளிர்த்தால் சரி என்று அர்த்தம், காய்ந்தால் வேண்டாம் என்று அர்த்தம்" என்றார். பிறகு அவளை மற்றொரு மேசைக்கு அழைத்துப் போய் ஒரு மேப்பிளைக் காட்டினார். அடிமரத்தில் திருகாணி போலச் சுற்றிச் சுற்றி ஒரு தழும்பு. தந்தையாரின் இறுதிக் காரியங்களுக்காக இந்தியா போய் இரண்டு மாதம் தங்கிவிட்டாராம். அந்த இடைவெளியில் மரம் பருத்து, அகற்றாத கம்பி பட்டைக்குள் இறங்கிவிட்டது. பதினைந்து ஆண்டாகியும் வடு மறையவில்லை. கண்காட்சிக்கு வைக்க முடியாத அந்த மரத்தைத்தான் அவர் வாசலை ஒட்டிய முதல் இடத்தில் வைத்திருக்கிறார்.

வழக்கமாகச் சொல்லும் இரண்டு சமாதானங்கள்

போன்சாய் வளர்ப்போரிடம் இது பாவமில்லையா என்று கேட்டால் பொதுவாக இரண்டு பதில்கள் வரும். இரண்டும் போதாதவை என்பது நம் கருத்து.

முதல் பதில்: மரத்துக்கு வலி தெரியாது. நரம்பும் மூளையும் இல்லாத ஒன்றுக்கு நமக்குள்ளது போன்ற வலி இருக்க நியாயமில்லை என்பது சரியே. அன்றியும், செடியைத் தொடாமல் வாழ்கிறவர் எவரும் இல்லை. நாற்றங்காலில் வளர்ந்த நெல் நாற்றைப் பிடுங்கி வேறு வயலில் நட்டுத்தான் தலைமுறை தலைமுறையாகச் சோறு உண்டோம். மல்லிகையைக் கார்த்திகை, மார்கழியில் கவாத்து செய்தால்தான் அடுத்த பருவத்தில் பூக்கும். அந்தப் பூவையும் பறித்தே அர்ச்சனை செய்கிறோம். வெட்டுவதே பாவம் என்றால் வாரந்தோறும் புல்வெளியை வெட்டும் நாம் எல்லோரும் பாவிகளே. ஆனால் வலி இல்லை என்பதால் எதுவும் செய்யலாம் என்று ஆகிவிடாது. வலிக்காத பொருளையும் அவமதிக்க முடியும், வீணாக்க முடியும். பழுதில்லாத மரத்தை விளையாட்டாக வெட்டிச் சாய்ப்பவனைக் கண்டால் நம் மனம் சுளிக்கிறது. அந்தச் சுளிப்பு மரத்தின் வலியை எண்ணி வந்ததன்று; அவன் உள்ளத்தில் ஏதோ இல்லை என்பதைக் கண்டு வந்தது.

இரண்டாம் பதில்: போன்சாய் காட்டு மரத்தைவிட நெடுங்காலம் வாழக்கூடும். இதுவும் உண்மையாக இருக்கலாம். புயலும் பூச்சியும் வறட்சியும் அண்டாமல் காப்பாற்ற ஒருவர் இருக்கும்போது ஆயுள் நீள்வதில் வியப்பில்லை. ஆனால் நீண்ட ஆயுள் மட்டும் நியாயமாகிவிடுமா? கூண்டுக்கிளியும் பருந்துக்குத் தப்பி நெடுநாள் வாழும். அதனால் கூண்டு நல்லது என்று எவரும் சொல்லமாட்டோம். உன் நன்மைக்காகத்தான் என்பது உலகத்துக் கொடுமைகள் பலவற்றின் முதல் வாக்கியம்.

கட்டியவனும் கட்டப்பட்டவனும்

அப்படியானால் நண்பரின் தோட்டத்தில் எங்கள் மனம் ஏன் சுளிக்கவில்லை? சிறைக்கூடம் ஒன்றைப் பார்த்த உணர்வு ஏன் வரவில்லை? திரும்பி வரும் வழியில் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம். எங்களுக்குத் தோன்றியது இதுதான். அங்கே மரங்களைவிட அதிகமாகக் கட்டுண்டிருப்பவர் அவர்தான். ஜூலை மாதத்தில் மூன்று நாள் அவர் வீட்டில் இல்லாமல், மாற்று ஏற்பாடும் இல்லாமல் போனால், பல ஆண்டு உழைப்பு காய்ந்த குச்சியாகிவிடும். ஆகவே ஊருக்குப் போவதென்றால் குளிர்காலத்தில்தான். அப்போதும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. ஜூனிபருக்குக் குளிர் ஓய்வு தேவை, அது வெளியில் இருக்க வேண்டும். ஆனால் தொட்டிக்குள் வேர் உறைந்து போகாதபடி மரத்தூளில் தொட்டியைப் புதைத்து வைக்க வேண்டும். அத்தி இனத்து மரங்கள் குளிர் தாங்காதவை, அவை விளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கடையில் வாங்கிய ஜூனிபரைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்து, சில மாதங்களில் அது பழுப்பாவதைப் பார்த்து, போன்சாய் நமக்கு ராசியில்லை என்று சொன்னவர்கள் நம்மில் உண்டு. ராசி அல்ல காரணம். தமக்கு இதமான இடம் மரத்துக்கும் இதம் என்று அவர்கள் எண்ணியதே காரணம்.

2019 ஜனவரியில் ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் ஒரு போன்சாய்த் தோட்டத்திலிருந்து ஏழு மரங்கள் களவு போயின. அவற்றுள் ஒன்று 400 ஆண்டுகள் பழமையான ஜூனிபர். பல தலைமுறையாக இத்தொழில் செய்துவரும் குடும்பம் அது. உரிமையாளரின் மனைவி உலகத்தார் முன் வைத்த வேண்டுகோளில், திருடியவர்கள் யாராயிருந்தாலும் அந்த மரங்களுக்குத் தவறாமல் நீர் ஊற்றட்டும் என்று கேட்டுக்கொண்டார். பொருளைப் பறிகொடுத்தவர் பொருளைத் திருப்பிக் கேட்பது வழக்கம். தண்ணீர் ஊற்றும்படி திருடனிடம் கேட்பவர் பொருளைப் பறிகொடுத்தவராகப் பேசவில்லை. சாலமன் மன்னனின் முன் நின்று, பிள்ளை யாரிடமாவது உயிரோடு இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்த தாயின் கதை பல சமயத்தாருக்கும் தெரியும். இது அந்த வகையைச் சேர்ந்தது.

ஒரு கட்டுப்பாடு கட்டப்பட்டவரை மட்டும் கட்டுமானால் அது கொடுமை. கட்டியவரையும் அதே அளவோ அதற்கு மேலோ கட்டுமானால் அதைப் பராமரிப்பு என்று அழைக்கத் தொடங்கலாம். தொடங்கலாம் என்றுதான் சொல்கிறோம். ஏனெனில் இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது.

நம் பெற்றோர்களும் தியாகம் செய்தவர்களே. நாமும் செய்கிறோம். உனக்காகத்தானே ஊரை விட்டு வந்தோம், உனக்காகத்தானே இரண்டு வேலை பார்க்கிறோம் என்ற வாசகம் நம் வீடுகளில் கேட்காத வாசகமா? தியாகம் செய்தவனுக்கு வளைக்கும் உரிமை தானாக வந்துவிடுகிறது என்று நாம் நம்புகிறோம். அது வருவதில்லை. நண்பரின் மேப்பிளைப் பாருங்கள். நாற்பத்து மூன்று மரங்களுக்கும் தம் கோடைகள் அனைத்தையும் கொடுத்தவர் அவர். அதைக் கணக்கில் வைத்துக் கம்பி பட்டைக்குள் இறங்காமல் இருந்ததா? அன்போடு கட்டிய கம்பியும் காலத்தில் எடுக்காவிட்டால் வடு செய்யும். போன்சாய்க்காரரின் திறமை கம்பியைச் சுற்றுவதில் பாதிதான். மறு பாதி, கிளை தன் வடிவில் நிற்கக் கற்றுக்கொண்டதா என்று வாரந்தோறும் பார்ப்பதும், பட்டை அழுந்தும் முன் வெட்டி எடுப்பதும். சுற்றிய கம்பியை அவிழ்க்க முயன்றால் கிளை முறியக்கூடும் என்பதால், அந்த விலையுயர்ந்த கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி எறிந்துவிடுகிறார்கள். கம்பியைக் காப்பாற்றுவதா கிளையைக் காப்பாற்றுவதா என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை. நமக்கு எழுகிறது. ஏழு வயதில் போட்ட விதியைப் பதினேழு வயதிலும் காப்பாற்றப் பார்க்கிறோம்.

பிஞ்சைக் கிள்ளும் செய்தியும் இப்படித்தான். பரதம், பாட்டு, வயலின், கணிதப் பயிற்சி, எழுத்துக்கூட்டல் போட்டி, ஞாயிறு தமிழ் வகுப்பு என்று ஒரு சிறு உடம்பில் எத்தனை முழு அளவுக் காய்களை நாம் தொங்கவிடுகிறோம்! நாம் நடத்தும் தமிழ் வகுப்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஒவ்வொன்றும் நல்ல காய்தான். ஆனால் மரம் ஒன்றுதானே? நல்ல காய்களையே கிள்ளி எறியும் மனத்துணிவு அந்தத் தோட்டத்தில் எங்களுக்குப் புதிதாக இருந்தது.

பழமொழியின் இரண்டு பாதிகள்

இப்போது முருங்கைக்கு வருவோம். முருங்கையை ஒடித்து வளர் என்பது உழவர் அனுபவம். முருங்கை மரம் நெடுநெடுவென்று உயரும், கிளை எளிதில் முறியும், காய் எட்டாத உயரத்தில் தொங்கும். ஒடித்துவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து நிறையக் காய்க்கும். இந்தப் பாதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாம் பாதிக்கு இப்படி எந்த அனுபவ ஆதாரமும் இல்லை. முதற்பாதியின் நம்பகத்தைக் கடன் வாங்கி அது நிற்கிறது. எதுகை பொருந்திவிட்டதால் உண்மையும் பொருந்திவிட்டது என்று தலைமுறைகளாக நம்பி வந்தோம்.

மரத்துக்கும் பிள்ளைக்கும் இடையே உள்ள வேற்றுமையை அந்தச் சிறுமியின் கேள்வியே காட்டிக்கொடுத்தது. மரத்தைக் கேட்க முடியாது. அதற்கு என்ன வேண்டும் என்பதைத் துளிரையும் இலையின் நிறத்தையும் பார்த்து ஊகிக்கத்தான் முடியும். ஊகம் தவறினால் ஓராண்டு கழித்தே தெரியும். கேட்க முடியாத ஒன்றின் சார்பில் முடிவெடுப்பது தவிர்க்க முடியாதது. அதனால்தான் நண்பரின் அதிகாரம் மன்னிக்கத்தக்கதாகிறது. பிள்ளையோ கேட்டால் அப்போதே சொல்லும். கேட்கக்கூடிய ஒருவரைக் கேட்காமலேயே வளைப்பதற்கு அந்த மன்னிப்பு கிடையாது. மேலும், மரம் தனக்குத் தானே ஒரு வடிவத்தைத் திட்டமிடுவதில்லை. பிள்ளை திட்டமிடுகிறது. நாம் வளைக்கும் திசைக்கு எதிர்த்திசையில் அதற்கு ஒரு கனவு இருக்கலாம்.

ஆகவே உரிமைகள் மரத்திலிருந்து பிள்ளைக்குத் தாவமாட்டா. வெட்டும் உரிமையும் கட்டும் உரிமையும் தொட்டியோடு நின்றுவிட வேண்டியவை. ஆனால் கடமைகள் தாவும். நாள் தவறாமல் நீர் வார்ப்பது, இனம் அறிந்து இடம் கொடுப்பது, சுமையைக் குறைப்பது, கட்டை உரிய காலத்தில் நீக்குவது ஆகிய எல்லாம் மரத்துக்கே உண்டென்றால் பிள்ளைக்கு எவ்வளவு அதிகமாக உண்டு? பழமொழி இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டது. ஒடிக்கும் உரிமையைப் பிள்ளைக்குக் கொண்டுவந்தது. முருங்கைக்கு எருவும் நீரும் வைத்த உழைப்பை மரத்தடியிலேயே விட்டுவிட்டது.

இதைக் கேட்டு, அப்படியானால் பிள்ளைகளைக் கட்டுப்பாடின்றி விட்டுவிடச் சொல்கிறீர்களா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. பாரி முல்லைக்குக் கொடுத்ததும் ஒரு கொழுகொம்புதான். பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாத கொடி காற்றில் அலையும். பந்தலும் கொடியின் போக்கை ஓரளவு தீர்மானிக்கிறது. ஆனால் கொடி பந்தலைத் தானே பற்றுகிறது. பந்தல் கொடியைப் பிடித்து இழுப்பதில்லை. நம் மொழியும் வழிபாடும் பிள்ளைகளுக்குப் பந்தலாக நிற்கட்டும். கம்பியாகச் சுற்ற வேண்டாம்.

நாம் எல்லோரும் தொட்டி வைத்திருப்பவர்களே

போன்சாய் நமக்கு அந்நியம் என்று நினைக்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல். நம் வீடுகளில் துளசியும் கறிவேப்பிலையும் எங்கே வளர்கின்றன? ஊரில் கொல்லைப்புறத்தில் ஆளுயரத்துக்கு மேல் மரமாக நின்ற கறிவேப்பிலை, இங்கே ஜன்னலோரத் தொட்டியில் இடுப்பளவு நிற்கிறது. அக்டோபரில் முதல் உறைபனிக்கு முன் உள்ளே தூக்கி வருகிறோம். அன்னையர் தினம் கழிந்ததும் வெளியே எடுத்து வைக்கிறோம். நுனியைக் கிள்ளுகிறோம், கிளைக்கிறது. வேர் தொட்டியை நிறைத்தால் வேரைக் குறைத்து மண் மாற்றுகிறோம். இதுவும் குறுக்கி வளர்ப்பதுதான். ஆயினும் நம் துளசியைக் கொடுமைப்படுத்துகிறோம் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. பனிக்காலத்து இரவில் எழுந்து ஜன்னலோரம் குளிர் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறவருக்கு அந்தக் கேள்வி எழாது.

தொட்டியில் வளர்ப்பதன் கடைசிப் பாடம், அதைக் கைவிட்டுக் கொடுப்பது. போன்சாய் வளர்ப்போர் அனைவரும் அறிந்த உண்மை, நன்றாகப் பராமரித்தால் மரம் தம்மைவிட நெடுநாள் வாழும் என்பது. எனவே அவர்கள் உரிமையாளர்கள் அல்லர், ஒரு வரிசையில் இடையில் நிற்பவர்கள். இதற்குச் சிறந்த சான்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. வாஷிங்டனில் உள்ள நேஷனல் ஆர்போரீட்டம் என்னும் தேசிய மரத்தோட்டத்தில் போன்சாய்க்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. அமெரிக்கா விடுதலை பெற்று இருநூறு ஆண்டு நிறைவுற்றதை ஒட்டி 1976-இல் ஜப்பான் அளித்த 53 மரங்களோடு அது தொடங்கியது. அவற்றுள் ஒன்று, 1625 முதல் தொட்டியில் பராமரிக்கப்பட்டு வரும் வெள்ளைப் பைன். அளித்தவர் மசாரு யமாக்கி என்னும் போன்சாய்க் கலைஞர்.

அவருடைய வீடும் தோட்டமும் இருந்த ஊர் ஹிரோஷிமா. 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டர் தொலைவு. கண்ணாடிகள் சிதறின. வீட்டிலிருந்தோர் சிறு காயங்களோடு தப்பினார்கள். தோட்டத்துச் சுவரின் மறைவில் இருந்த மரமும் பிழைத்தது. பல தலைமுறையாகக் குடும்பத்தார் காத்துவந்த அந்த மரத்தை, முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து, குண்டு போட்ட நாட்டுக்கே பரிசாக அனுப்பினார். 2001-இல் அவருடைய பேரர்கள் இருவர் தம் தாத்தாவின் மரத்தைக் காண வாஷிங்டன் வந்தபோதுதான் அருங்காட்சியகத்தாருக்கு முழு விவரமும் தெரியவந்தது. கால் நூற்றாண்டுக் காலம் அங்கே நீர் ஊற்றியவர்கள், எதிலிருந்து தப்பி வந்த மரம் இது என்று அறியாமலேயே ஊற்றி வந்திருக்கிறார்கள்.

அந்தப் பெரியவர் மரத்தோடு தம் துயரத்தின் கணக்கை அனுப்பவில்லை. வளர்த்தேன், காப்பாற்றினேன், ஆகையால் என்னுடையது என்று பிடித்துக்கொள்ளவும் இல்லை. வளர்த்ததை, வளர்த்த கதையைக்கூடச் சொல்லிக்காட்டாமல், மற்றொருவர் கையில் ஒப்படைத்தார். மரத்துக்கே இது முடியுமென்றால், பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளையிடம், உனக்காக நாங்கள் பட்டதெல்லாம் என்று தொடங்காமல் விடைகொடுப்பது நம்மால் முடியாததா?

குறுக்கி வளர்ப்பது குற்றமா என்ற கேள்விக்கு எங்கள் விடை இது. மரத்தைப் பொறுத்தவரை, வளர்ப்பவர் அதற்குக் கட்டுப்பட்டு, கம்பியைக் காலத்தில் எடுத்து, முடிவில் அடுத்தவர் கையில் மனமுவந்து தரக்கூடியவரானால் குற்றமில்லை. பிள்ளையைப் பொறுத்தவரை இந்தக் கடமைகள் எல்லாம் உண்டு, குறுக்கும் உரிமை மட்டும் இல்லை.

யமாக்கியின் பைனைக் காண அனுமதிக் கட்டணம் எதுவும் இல்லை. வசந்தத்தில் ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துப் போய் அதன் முன் நிறுத்துங்கள். ஏறக்குறைய நானூறு ஆண்டுகளாக யாரோ ஒருவர் ஒரு நாளும் தவறாமல் நீர் வார்த்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்லுங்கள். வேரை ஏன் வெட்டினார்கள், கம்பி ஏன், கேட்டுத்தான் செய்தார்களா என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது முருங்கைப் பழமொழியை எடுத்து வீசாமல், தெரிந்த அளவுக்குப் பதில் சொல்லுங்கள். அவர்களையும் ஒரு கேள்வி கேளுங்கள்: உன் மேல் நாங்கள் சுற்றிய கம்பி எங்காவது அழுத்துகிறதா? பதிலுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை.